துவைத்த துணியே நாறுகிறதா? வாஷிங் மெஷினை வரிசை மாறாமல் சுத்தம் செய்யும் முறை

ஆடிச் சாரலில் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். குளித்துவிட்டுக் கொடியில் கிடந்த துவர்த்தை (துவட்டும் துண்டை) எடுத்தால், காய்ந்த துவர்த்திலேயே ஊசல் வாடை. "நேத்துதான் மக்ளே மெஷின்ல போட்டேன். துவச்ச பொறவும் நாறுது, என்ன செய்யன்னே தெரியல்ல" என்றார் சித்தி. முந்தின வாரம்தான் டிரம் கிளீன் பவுடர் வாங்கிப் போட்டு ஓட்டியிருந்தார். நாலு நாள் வாடை இல்லை, ஐந்தாம் நாள் திரும்ப வந்துவிட்டது.

பவுடரில் குறை இல்லை. அவர் மெஷினின் அடியில் இருக்கும் ஃபில்டரைத் திறக்காமல், கதவைச் சுற்றியுள்ள ரப்பரைத் துடைக்காமல், நேராக டிரம்மில் பவுடரைக் கொட்டிவிட்டார். டிரம்மில் கழன்ற அழுக்கு ஏற்கெனவே அடைத்திருந்த ஃபில்டரில் போய்த் தங்கியது, அங்கிருந்து மறுபடி நாற ஆரம்பித்தது. அதன் பிறகு உறவுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் பல மெஷின்களைத் திறந்து சுத்தம் செய்திருக்கிறேன். எல்லோரும் இடறும் இடம் பெரும்பாலும் இந்த வரிசைதான்.

1. முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மெஷினைத் திறந்து டிரம்முக்குள் மோந்து பாருங்கள். அடுத்து சோப்புத்தூள் போடும் தட்டை இழுத்து அங்கே மோந்து பாருங்கள். கடைசியாக, அழுக்குத் தண்ணீர் போகும் குழாய் சாக்கடையில் சேரும் இடத்தில். மூன்றாவது இடத்தில்தான் வாடை அதிகம் என்றால், மெஷினை எவ்வளவு கழுவினாலும் தீராது. குழாயின் முனை சாக்கடைத் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். முங்கியிருந்தால் அந்த நாற்றம் குழாய் வழியே உள்ளே ஏறும். முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டினாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. துணியும் சோப்பும் போடாமல் சூடான தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நுரை கிளம்பினால் பழைய சோப்பு டிரம்முக்குப் பின்னால் அப்பிக் கிடக்கிறது என்று அர்த்தம். நாம் பார்க்கிற ஸ்டீல் டிரம் பளபளவென்றுதான் இருக்கும். அதற்கும் வெளிப் பிளாஸ்டிக் தொட்டிக்கும் இடையில் கை நுழையாத சந்து ஒன்று உண்டு. கரையாத சோப்பு, துணிக்கு மணம் சேர்க்கும் கண்டிஷனர், உடம்பு எண்ணெய், நூல் பிசிறு எல்லாம் அங்கே ஒட்டிப் பிசுக்காகி, அதில் கிருமியும் பூஞ்சையும் வளர்கின்றன. நம் ஊரில் தலைக்கும் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் தாராளம். தலையணை உறையிலும் துவர்த்திலும் ஏறும் அந்த எண்ணெய், பச்சைத் தண்ணீரில் முழுதாகப் போவதில்லை.

2. எடுத்து வைக்க வேண்டியவை

பாதியில் கடைக்கு ஓடக் கூடாது, எல்லாவற்றையும் முன்னாலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய துணி நாலைந்து, பழைய டூத் பிரஷ் இரண்டு, உயரம் குறைந்த தட்டையான ஒரு பாத்திரம், வாளி, டார்ச், ஸ்குரு டிரைவர், பாத்திரம் கழுவும் லிக்விட், ரப்பர் கையுறை.

டிரம்முக்கு, கடையில் டிரம் கிளீன் என்று விற்கும் பவுடர் ஒரு பாக்கெட், அல்லது 100 கிராம் சோடியம் பெர்கார்பனேட். பின்னது ஆக்சிஜன் பிளீச் என்ற பெயரிலும் கிடைக்கும். உப்புத் தண்ணீர் ஓடும் வீடாக இருந்தால் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு 100 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். அது சிட்ரிக் ஆசிட்தான்.

வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள். மொத்தம் மூன்று, நாலு மணி நேரம் பிடிக்கும், அன்றைக்குத் துணி துவைக்க முடியாது. முடித்த பிறகு மெஷின் நன்றாகக் காய வேண்டும், மழை நாளில் அது நடக்காது. நமக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை. இரண்டுக்கும் முன்னால் தவறாமல் ஒரு முறை செய்துவிடுவது என் வழக்கம்.

3. எதை எதோடு சேர்க்கக் கூடாது

இதைப் படிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ போட்ட இடத்தில் எந்த ஆசிடும் படக் கூடாது. வினிகர், எலுமிச்சை உப்பு, டாய்லெட் கழுவும் திரவம், எதுவுமே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்வேன். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் வீட்டில் எப்போதும் இருக்கும். "கறை நல்லா போவும்" என்று அதில் கொஞ்சம் மெஷினில் ஊற்றியவரை நான் பார்த்திருக்கிறேன். அது ஃபார்மிக் ஆசிட். தோலைச் சுடும், மெஷினின் உலோகத்தை அரிக்கும், பிளீச்சோடு சேர்ந்தால் மேலே சொன்ன வாயு வரும். அந்த ஆசிட் கன்னாஸ் (கேன்), மெஷின் இருக்கும் அறைக்கே வரக் கூடாது.

கிணற்றில் போடுவதற்கு வாங்கிய பிளீச்சிங் பவுடரை அப்படியே டிரம்மில் கொட்டுவதும் தவறு. கரையாத குருணை ஸ்டீலில் ஒட்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். டாய்லெட் கழுவும் திரவமும் அதே கேட்டைச் செய்யும்.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்துப் போடச் சொல்லும் குறிப்பு பரவலாகச் சுற்றுகிறது. பொங்குவதைப் பார்த்தால் வேலை நடப்பது போலத் தோன்றும். ஒன்றின் சக்தியை மற்றது முறித்து, மிஞ்சுவது உப்புக் கரைசல்தான். அந்தச் சாமான்களைச் சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

4. பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். முதல் முறை எங்கள் வீட்டு மெஷினில் ஃபில்டரைத் திறந்தபோது நான் பிடுங்கவில்லை. உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வெளியே வந்து, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு ஒரு சாண் தூரம் வரை ஓடியது. அன்றிலிருந்து பிளக்கைப் பிடுங்கி மெஷின் மேலேயே வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன், கண்ணுக்குத் தெரியும்படி.

5. சோப்புத்தூள் தட்டு

தட்டை முழுதாக வெளியே எடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் நடுவே ஒரு அழுத்தும் இடம் இருக்கும், அதை அழுத்திக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். சூடான தண்ணீரில் லிக்விட் போட்டுக் கால் மணி நேரம் ஊற வைத்துப் பிரஷால் தேயுங்கள்.

தட்டு இருந்த பொந்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதன் மேல் கூரையில் தண்ணீர் விழும் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் கரும்பூஞ்சை அங்கேதான் இருக்கும். துணியைப் பிரஷில் சுற்றித் துடைத்து எடுங்கள். ஓட்டை அடைத்திருந்தால் தண்ணீர் சரியாக விழாது, சோப்பு முழுதாகக் கரையாது, கரையாத சோப்பு டிரம்முக்குப் பின்னால் போய் உட்காரும்.

6. கதவைச் சுற்றியுள்ள ரப்பர்

இது முன்பக்கம் திறக்கும் மெஷினுக்கு மட்டும். ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். ஊசி, ஹூக், தலைமுடி, கடற்கரை வீடாக இருந்தால் மணல், எல்லாம் அடி மடிப்பில் சேர்ந்திருக்கும். முதலில் அவற்றைக் காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஈரத் துணியால் தொடங்கினால் மணல் அரைபட்டு ரப்பரில் கீறல் விழும்.

பிறகு லிக்விட் தொட்ட துணியால் முழு வட்டமும் துடையுங்கள். அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளைப் பிரஷால் குத்திவிடுங்கள்.

கறுப்புப் புள்ளி போகவில்லை என்றால் திரவ பிளீச் ஒரு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, துணியை நனைத்து மடிப்புக்குள் செருகி அரை மணி நேரம் விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை வேண்டும். எடுத்த பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை துடைத்து, சோப்பே இல்லாமல் ஒரு முறை அலசல் ஓட்டிவிட்டுத்தான் அடுத்த மருந்துக்குப் போக வேண்டும். பழைய கறை ரப்பருக்குள்ளேயே இறங்கியிருந்தால் நிறம் முழுதாகப் போகாது. வழுவழுப்பும் வாடையும் போனால் போதும், நிறத்துக்காகச் சுரண்ட வேண்டாம்.

7. அடியில் இருக்கும் பம்ப் ஃபில்டர்

முன்பக்கம் திறக்கும் மெஷினில் கீழே ஒரு மூலையில் சின்னக் கதவு இருக்கும். வாங்கி ஏழு வருடமாகியும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத வீடுகள் உண்டு. வாடையின் தலைமையிடம் இதுதான்.

மூடியை உடனே திருகக் கூடாது. மெஷின் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் நிற்கும். பல மாடல்களில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே விரல் பருமனில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதன் அடைப்பை எடுத்துத் தட்டைப் பாத்திரத்தில் வடிய விடுங்கள். குழாய் இல்லாத மாடலில் மூடியைக் கால் சுற்று மட்டும் இடப்பக்கம் திருகுங்கள். கசியும். பாத்திரம் நிறைந்ததும் திரும்ப இறுக்கி, கொட்டிவிட்டு, மறுபடி கால் சுற்று. பொறுமையாக நாலைந்து தடவை செய்தால் தரை நனையாது.

சித்தி வீட்டில் அந்த மூடி வெளியே வந்தபோது அதோடு சாம்பல் நிறத்தில் ஒரு கட்டியும் வந்தது. பழைய கஞ்சி போலக் கொழகொழவென்று, தலைமுடியும் நூலும் பின்னிக்கொண்டு. தண்ணீரில் அலசிப் பிரித்தால் இரண்டு சட்டைப் பொத்தான், ஒரு அஞ்சு ரூபாய்த் துட்டு, அறுந்த ஜெபமாலையின் மூன்று மணிகள். "எம்மா! இதுக்குள்ளயா துணி துவச்சோம்" என்று சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டார். மணிகளைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார், அது அவர் அம்மா கொடுத்த மாலை.

ஃபில்டரைக் கழுவிய பிறகு பொந்துக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே சின்ன இறக்கைச் சக்கரம் தெரியும். ஈர்க்குச்சியால் மெல்லத் தள்ளினால் திக்கித் திக்கியாவது நகர வேண்டும். நூல் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். மூடியைப் புரி பிசகாமல் நேராக வைத்து இறுக்குங்கள். சாய்ந்து ஏறினால் அடுத்த தடவை துவைக்கும்போது தண்ணீர் ஒழுகும்.

8. தண்ணீர் வரும் வாயில் உள்ள வலை

குழாய் மூடியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, மெஷினுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே சின்னப் பிளாஸ்டிக் வலை இருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்துக் கழுவி, திரும்பச் செருகுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஓடும் வீட்டில் இது மணலும் பாசியுமாக அடைத்திருக்கும். தண்ணீர் மெதுவாக ஏறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

9. இப்போதுதான் டிரம்

இங்கே தண்ணீரைப் பார்த்து ஒரு முடிவெடுக்க வேண்டும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவு கட்டினால் உங்களுடையது உப்புத் தண்ணீர். அப்படியானால் முதலில் பெர்கார்பனேட் போட்டுப் பிசுக்கை எடுத்துவிட்டு, இன்னொரு நாள் எலுமிச்சை உப்பு போட்டுப் படிவை எடுக்க வேண்டும். படிவின் மேல் பிசுக்கு மூடியிருக்கும் வரை ஆசிட் அதைத் தொடாது.

வாளியில் துரு நிறத்தில் கறை விழுகிறதா? அது இரும்புத் தண்ணீர். அப்படியானால் எலுமிச்சை உப்பில் தொடங்க வேண்டும். பிளீச் போட்டால் இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எதுவானாலும் இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

முன்பக்கம் திறக்கும் மெஷின்: பவுடரை டிரம்முக்குள் நேராகப் போடுங்கள், தட்டில் வேண்டாம். டப் கிளீன், டிரம் கிளீன் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்தச் சுற்றை வையுங்கள். இல்லையென்றால் காட்டன், 60 டிகிரி. பெர்கார்பனேட் சூட்டில்தான் முழுதாக வேலை செய்யும், பச்சைத் தண்ணீரில் போட்டால் காசு வீண். தண்ணீர் சூடான பிறகு நிறுத்தி ஒரு மணி நேரம் ஊற வைத்துத் தொடரலாம். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விடாதீர்கள். டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கைச் சட்டம் பெரும்பாலும் அலுமினியக் கலவை, நீண்ட நேரக் காரம் அதை அரிக்கும்.

மேல்பக்கம் திறக்கும் மெஷின்: பலவற்றில் ஹீட்டர் கிடையாது, வெந்நீரை நாம்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது, உள்ளே பிளாஸ்டிக்கும் ரப்பரும் இருக்கின்றன. கொதிநீர் ஒரு வாளிக்குப் பச்சைத் தண்ணீர் ஒரு வாளிக்குச் சற்று மேல் கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும். அப்படிக் கலந்த தண்ணீர் இரண்டு மூன்று வாளி ஊற்றி, மீதியை மெஷின் தானே உச்ச அளவு வரை நிரப்பிக்கொள்ளட்டும். பவுடரைத் தனியே வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஐந்து நிமிடம் சுற்ற விட்டு, ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு சுற்றை முடிக்க விடுங்கள். பக்கச் சுவரில் உள்ள நூல் பிசிறுப் பையை முன்னாலேயே கழற்றித் தனியாகக் கழுவிவிடுங்கள்.

இந்த மெஷினில் டிரம்மின் அடியில் சுழலும் தட்டைக் கழற்றி அதன் அடியைப் பார்ப்பது பெரிய பலன் தரும். நடுவில் ஒரு ஸ்குரு. அதைக் கழற்றி, தட்டின் ஓட்டைகளில் இரண்டு உறுதியான கயிற்றைக் கோத்து நேர் மேலாக இழுத்தால் தட்டு வந்துவிடும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மாதிரிக் கடலோர வீடுகளில் அடியில் ஒரு கைப்பிடி மணலாவது இருக்கும். உப்புக் காற்றில் ஸ்குரு துருப்பிடித்து அசையாமல் இருந்தால் பலவந்தம் பண்ண வேண்டாம். தலை தேய்ந்துவிட்டால் மெக்கானிக்குக்கும் எடுப்பது பெரும்பாடு. சித்தி வீட்டுக்கு எதிர்வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

செமி ஆட்டோமேட்டிக்: துவைக்கும் தொட்டியில் 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். பிழியும் தொட்டியில் தண்ணீர் நிற்காது, ஆகவே அதே கரைசலைக் குவளையால் மெல்லச் சுற்றி ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஊற்றுங்கள். இரண்டு தொட்டியையும் நல்ல தண்ணீரில் ஓட்டி அலசிவிட்டால் முடிந்தது.

10. மறுபடியும் ஃபில்டர்

இந்தப் படியை விட்டுவிட்டால் முன்னால் செய்த அத்தனையும் ஒரு வாரத்தில் அழிந்துவிடும். டிரம்முக்குப் பின்னால் கழன்ற கறுப்புச் செதில்கள் இப்போது ஃபில்டரில் வந்து உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, அதே மாதிரி வடித்து, திறந்து, கழுவுங்கள். நூல் பிசிறுப் பையையும்தான். பிறகு பழைய வெள்ளைத் துவர்த்து ஒன்றைத் தனியாகப் போட்டு, சோப்பில்லாமல் ஒரு அலசல். துவர்த்தில் கறுப்புப் பொடி ஒட்டினால் இன்னொரு தடவை அலசுங்கள். ஒட்டாமல் வரும் வரை வீட்டுத் துணியைப் போட வேண்டாம்.

11. காய விடுங்கள்

கதவு, ரப்பர் மடிப்பு, மூடியின் உள்பக்கம் எல்லாம் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, கதவையும் சோப்புத் தட்டையும் திறந்தே வையுங்கள். மழைக்காலமாக இருந்தால் ஒரு மணி நேரம் ஃபேனைப் போட்டுவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கதவை அகலத் திறந்து வைப்பது ஆபத்து, உள்ளே ஏறிவிடுவார்கள். இரண்டு விரல் இடைவெளி விட்டு, நடுவே ஒரு மடித்த துணியை வைத்து, அறைக் கதவைத் தாழிடுங்கள். மெஷினுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைப்பவர்கள் ஈரம் முழுதாகப் போன பிறகு போடட்டும்.

12. மறுபடி நாறாமல் இருக்க

மெஷினை அழுக்குக் கூடையாக வைத்திருப்பதுதான் பெரிய கெடுதல். குளித்த ஈரத் துவர்த்தை உள்ளே எறிந்து மூடி, இரண்டு நாள் கழித்துத் துவைத்தால், சுத்தம் செய்த பலன் அன்றோடு போச்சு. அழுக்குத் துணி வெளியே கூடையில் கிடக்கட்டும்.

சோப்பைக் குறையுங்கள். நுரை கூடினால் சுத்தம் கூடும் என்ற எண்ணத்தில் ஒரு பிடி அதிகமாகப் போடுவதே பிசுக்குக்கு விதை. பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம், மென்மையான தண்ணீர் கிடைப்பவர்களுக்கு அதிலும் குறைவு போதும். முன்பக்கம் திறக்கும் மெஷினுக்கு அதற்கென்று விற்கும் பவுடரையே வாங்குங்கள், அதில் நுரை குறைவு. கண்டிஷனரைக் கூடுமானவரை விட்டுவிடுங்கள்.

மாதம் ஒரு தடவை துவர்த்தும் படுக்கை விரிப்பும் மட்டும் சேர்த்து 60 டிகிரியில் ஓட்டினால் எண்ணெய் சேராது. கடற்கரை மணலோடு வரும் துணியை முற்றத்தில் நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது உடுத்தும் துணியை மெஷினில் போடவே வேண்டாம். ஒட்டிய ரப்பர் பால் உள்ளே உரிந்து ஃபில்டரில் சிக்கினால் கத்தரிக்கோல் கொண்டு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஃபில்டர் மாதம் ஒரு முறை. முழுச் சுத்தம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, உப்புத் தண்ணீர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

13. எப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்

இரண்டு தடவை முழுதாகச் செய்த பிறகும் கறுப்புச் செதில் நிற்கவில்லை என்றால் டிரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சுற்றும்போது கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தாலோ, கையால் டிரம்மை மேலும் கீழும் அசைத்தால் தளர்ந்து ஆடினாலோ, சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள், அது டிரம் சுழல உதவும் பேரிங்கின் கோளாறாக இருக்கலாம். மெஷினைத் தொட்டால் ஷாக் அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.

வந்தவர் ஃபில்டரைத் திறந்து பார்க்காமலேயே டிரம்மைக் கழற்ற வேண்டும் என்று சொன்னால், முதலில் ஃபில்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சித்தியிடம் முன்பு ஒருவர் அப்படித்தான் சொல்லிப் பெரிய தொகை கேட்டிருந்தார். மேலே சொன்ன வரிசையில் ஒரு பகல் வேலை செய்ததோடு சரியாகிவிட்டது. அந்தத் துவர்த்தையே மறுபடி துவைத்துக் கொடியில் போட்டு, சாயங்காலம் எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் மக்ளே வெயிலு மணக்கு" என்றார்.